ஓர் ஆவர்த்தனம் கேட்டேன்

என் கல்யாணப் படத்தில் என் வாய் திறந்திருக்கிறது. காரைக்கால் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர், தாலி கட்டுகிற நேரம் பார்த்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: தாலி ஏறும்போது இப்படி வாய்விட்டுச் சிரிக்கிற பெண்ணை நாங்கள் பார்த்ததே இல்லை என்று. நான் சிரிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தேன். பந்தல் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, "எனக்கு வேண்டாம், இவருக்குப் பொண்டாட்டி இருக்காங்க" என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் காதிலும் அது விழவில்லை. விழாதபடி தவில் அடித்தவர் என் சித்தப்பா. படத்தின் ஓரத்தில் அவரும் இருக்கிறார். இது நடந்தது எழுபதுகளின் நடுவில். அவர் போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகிறது. செத்தவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்லவேண்டும் என்பார்கள். நான் நடந்ததைச் சொல்லப்போகிறேன்.

சித்தப்பா என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவர் இல்லை. அப்பா நாயனம் வாசிப்பவர், இவர் அவருக்குத் தவில். தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் பேசக் கற்றபோதே அவரை அப்படிக் கூப்பிடப் பழக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் மேளம் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில் என்று செட்டாகப் போவதுதான் வழக்கம். இவர்கள் மட்டும் இரண்டே பேராகப் போவார்கள். தாளம் தட்டவும் சுருதிப் பெட்டி போடவும் போகிற இடத்தில் யாரையாவது பிடித்துக்கொள்வார்கள். கூட இன்னொரு நாயனம் வைத்துக்கொள்ளக்கூடாதா என்று யாராவது கேட்டால் அப்பாவுக்கு ஒரு பதில் உண்டு: "நான் மூச்சு வாங்குற எடத்த அவன் வந்து மூடிடுவான். அந்த எடம் தவிலுக்குச் சேரவேண்டியது."

அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர்கள் வாசிப்பே அந்த இடத்தில்தான் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது இன்றைக்கு எந்த ராகம், எவ்வளவு நேரம் என்று இருவரும் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா சீவாளியை உதட்டில் வைத்து ஏதோ ஒரு பிடியை ஊதுவார். அது தோடியா காம்போதியா என்று கேட்கிறவர்களுக்குப் பிடிபடுவதற்குள் சித்தப்பா தவிலில் ஒரு பதில் சொல்லியிருப்பார். அந்தப் பதிலைக் கேட்டு அப்பா வேறு பக்கம் திரும்புவார். ராகம் எங்கே போகும் என்று அப்பாவுக்கே தெரியாது. ஆனால் மூச்சு எங்கே முடியும் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அப்பாவின் கன்னம் வற்றத் தொடங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். சரியாக அந்த இடத்தில் வந்து விழுவார். அப்பாவிடமும் ஒரு வழக்கம் இருந்தது. தவில் முழு பலத்தோடு இறங்கவேண்டும் என்று தோன்றினால் மோவாயைக் கொஞ்சம் தூக்குவார். நூலளவுதான் தூக்குவார். சபையில் யாருக்கும் அது தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்து கேட்டே வளர்ந்த எனக்கும் தெரியும்.

ஆனால் சித்தப்பாவின் பெருமை அடிப்பதில் இல்லை. கை வேகத்தைக் காட்டிச் சபையைக் கிறங்க வைக்கிற தவில்காரர்கள் தஞ்சாவூர்ச் சீமையில் எத்தனையோ பேர். இவர் அடிக்காமல் விடத் தெரிந்தவர். மாசி மகத்துக்குச் சாமி கடலாடப் போனபோது, மண்டபத்தூர் கடற்கரையில் அதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பதினைந்து வயதிருக்கும். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடல்காற்று நாயனச் சத்தத்தை அள்ளிக்கொண்டு போனதில் பத்தடி தள்ளி நின்றவர்களுக்கே பாதிதான் கேட்டது. பல்லவியின் நடுவில் அப்பா மேலே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நின்றார். அது கம்மிப்போய், உடையப் பார்த்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தவிலைப் போட்டு முழக்கி நாயனக்காரரின் மானத்தைக் காப்பாற்றியிருப்பார்கள். சித்தப்பா இரண்டு கையையும் எடுத்துவிட்டார். காற்று வரும் பக்கமாக நகர்ந்து, தன் உடம்பையும் தவிலையும் அப்பாவுக்கு மறைப்பாக வைத்து நின்றுகொண்டார். ஓர் ஆவர்த்தனம் முழுக்க, அதாவது தாளத்தில் எட்டு எண்ணிக்கை, தவிலில் ஒரு சத்தமும் இல்லை. தாளம் தட்டிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், ஆள் அடிக்க மறந்துவிட்டார் என்று நினைத்து முழங்கையால் அவரை இடித்துக்கூடப் பார்த்தார். அந்த எட்டு எண்ணிக்கையில் அப்பாவின் ஸ்வரம் மெல்லத் தேறி நிமிர்ந்தது. பிறகுதான் சித்தப்பா ஒரே ஒரு அடி வைத்தார். எந்த இடத்தில் கையை எடுக்கவேண்டும் என்று தெரிந்த மனிதர் என்று அன்றைக்கு அவரை நம்பினேன்.

பத்தொன்பது வயதில் எனக்கு வரிச்சிக்குடிப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். எங்கள் ஆட்கள்தான். ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன்பே மேளத்தை விட்டு நெல் வயலுக்குப் போய்விட்ட குடும்பம். அப்பாவுக்கு அதில்தான் மயக்கம். பெரிய வீட்டுக் கல்யாணங்களில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கொல்லைப்புறத்தில் தனக்கு இலை விழும்வரை காத்திருந்தே ஆயுளைக் கழித்தவர் அவர். பெண்ணாவது நாயனத்தைத் தூக்காத வீட்டில் வாழட்டும் என்று நினைத்தார். நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தது. இரண்டு வருஷத்தில் பிள்ளை இல்லை என்று அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் தட்டு மாற்றினார். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சொன்னது என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெண். நம்பாமல் நானே பஸ் ஏறி நெடுங்காட்டுக்கு, அந்த மூத்த பெண்டாட்டியின் பிறந்த வீட்டுக்குப் போனேன். அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவள். கழுத்தில் தாலி இருந்தது. நான் யார் என்று சொன்னதும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. பத்து நாள் இருந்துவிட்டு வா, வந்து அழைத்துக்கொள்கிறோம் என்று அனுப்பினார்களாம். அதற்குப் பிறகு யாரும் வரவில்லையாம். உறவைத் தீர்த்துவிட்டோம் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லையாம். இந்தக் கல்யாணம் நடக்காது, சபையில் வாயைத் திறந்து சொல்லியாவது நிறுத்துவேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தேன். பெரிய மனுஷி மாதிரி கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா அழுதாள். அப்பா, எல்லாம் பேசி முடித்த விஷயம் என்றார், அந்தப் பெண் வீட்டாரே ஒப்புக்கொண்டாயிற்று என்றார். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை என்றேன். எங்கள் இருவருடைய ஒப்புதலும் ஒரு விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். மூன்றாம் நாள் பந்தக்கால் நட்டார்கள். அம்மா சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து, உனக்குக் கோடி புண்ணியம், நாலு பேர் சிரிக்க வைக்காதே என்று கும்பிட்டாள்.

கெட்டி மேளம் எதற்கு என்று மேளக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாங்கல்யம் ஏறும்போது ஒரு தும்மலோ, ஒரு அழுகையோ, அபசகுனமான ஒரு சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது. அதற்காகத்தான் ஐயர் விரலைத் தூக்கி ஆட்டியதும் நாயனமும் தவிலும் ஒரே மூச்சில் இறங்குகின்றன. மங்கலம் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. நான் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அந்த நொடியில் விழுகிற ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால், ஒரு பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு இருக்கிற ஒரே நொடி அதுதான். அதற்கு முன்னால் சொன்னால் பிடிவாதக்காரி. அதற்குப் பின்னால் சொன்னால் வாழத் தெரியாதவள். அந்த நொடியில் சபையின் காதில் விழுந்தால் எவனும் தாலியை மேலே கொண்டுபோக மாட்டான், பெரியவர்கள் விடமாட்டார்கள். விரல் உயர்வதற்கும் மேளம் இறங்குவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. நாயனக்காரர் வயிறு நிறைய மூச்சு இழுக்கிற இடம். தவில் விழாமல் நாயனம் தனியாகத் தொடங்காது. தவில் சும்மா இருக்கும்வரை சபையும் சும்மா இருக்கும். பெண்ணைப் பெற்றவர் மணவறையில் நிற்கவேண்டும் என்பதால் நாயனத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். தவிலை மட்டும், அண்ணன் பெண் கல்யாணத்தில் வேறு எவனும் தொடக்கூடாது என்று சித்தப்பா தனக்கு வைத்துக்கொண்டார். அதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், சித்தப்பா வாசலில் உட்கார்ந்து வலது கை விரல்களுக்குக் கூடு செய்துகொண்டிருந்தார். துணி நாடாவைப் பசையில் தோய்த்து விரல் விரலாகச் சுற்றிக் காயவிட்டால் கல் மாதிரி ஆகிவிடும். அதை மாட்டிக்கொண்டு அடித்தால்தான் தோலில் சத்தம் கணீரென்று விழும். பசை காய்ச்சிக் கொடுப்பது எப்போதும் என் வேலை. அன்றும் கிண்ணத்தைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன்.

"தாலிய எடுத்ததும் நான் ஒரு வார்த்த சொல்லுவேன் சித்தப்பா. அது சபையில விழணும். நீங்க கைய எடுத்துடுங்க."

சுற்றிக்கொண்டிருந்த துணியை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தார். என்ன வார்த்தை என்று அவர் கேட்கவில்லை. ஒரு சுவர்தான் நடுவில். நான் போட்ட சண்டை முழுக்க அவருக்குக் கேட்டிருக்கும்.

"எவ்வளவு நேரம் ஆயி?" என்றார். பெண் பிள்ளைகளை ஆசையாக ஆயி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"ஒரு ஆவர்த்தனம் போதும்."

ஈர விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். "விட்டுடுறேன் போ" என்றார்.

நான்கு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அம்மா அதைப் பார்த்து, பெண் மனசு மாறிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நலங்கு வைத்தார்கள், வைத்துக்கொண்டேன். பட்டுப்புடவை கட்டினார்கள், கட்டிக்கொண்டேன். ஏன் எழுந்து ஓடவில்லை என்று பின்னால் என்னைக் கேட்டவர்கள் உண்டு. இந்தப் பக்கம் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், பின்னால் நாத்தனார் முடிச்சுப் போடுவதற்காக என் கழுத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். அதெல்லாம் இரண்டாம் பட்சம். எனக்கு ஓடவேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தேன். எனக்குத் தவில் இருந்தது.

தாலி வைத்த தட்டு எல்லோரிடமும் சுற்றி வந்தது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். விரல் உயர்ந்தது. நாயனக்காரர் மூச்சை இழுத்தார். பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. நான் தலையை நிமிர்த்திச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவரும் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து "எனக்கு" என்றேன். அந்த 'கு' என் பல்லைத் தாண்டுவதற்குள் தவில் விழுந்தது. அரை எண்ணிக்கை முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. மீதி வாக்கியம் முழுவதையும் நான் சொன்னேன், கத்திச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அட்சதை வந்து என் வாய்க்குள் விழுந்தது. நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அப்படி ஒரு கெட்டி மேளத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. வந்தவர்கள் அன்று பந்தியில் அதைத்தான் புகழ்ந்து பேசினார்களாம்.

அப்பாவின் மூச்சு முடிகிற இடத்தை எப்படிப் பார்த்து மூடுவாரோ, அப்படி என் வாயைப் பார்த்து மூடிவிட்டார் என்று நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வரிச்சிக்குடி வீட்டில் கழிந்த ஆறு வருஷத்தைப் பற்றி விரித்து எழுத எனக்கு இஷ்டமில்லை. நெல் அவித்தேன், மாட்டைப் பார்த்துக்கொண்டேன், பிள்ளை இல்லை என்பதற்காகக் கோவில் கோவிலாக இழுத்துக்கொண்டு போகப்பட்டேன். டாக்டரிடம் என் புருஷனையும் காட்டலாம் என்று ஒருமுறை சொன்னதற்கு வாங்கிய அறையில் இடது காது இரண்டு நாள் கேட்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்பா சீர்வரிசையோடு வருவார். காபி போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவரும் சித்தப்பாவும் முன்பைவிட நன்றாக வாசிக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்டால் எழுந்து மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுவேன்.

கல்யாணமான முதல் வருஷத்தில் ஒருநாள் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கையில் ஒரு பையோடு நெடுங்காடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை என் கழுத்துக்குத்தான் முதலில் போனது.

"சொல்லுவேன்னு சொன்னியே" என்றாள்.

"சொன்னேன்க்கா. மேளம் போட்டுட்டாங்க."

மேலும் கீழுமாக என்னைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். தவிலடிப்பவரின் கை ஒருமுறை விலகியிருந்தால் இரண்டு பேர் பிழைத்திருப்போம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஐந்தாம் வருஷம் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். கேட்கவேண்டியதை நான் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் வரிச்சிக்குடி வீட்டில் மூன்றாவதாக ஒருத்தியைப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்றே ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்பி வந்துவிட்டேன். பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கு அறிவியல் பெட்டி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பூதக்கண்ணாடி. பிள்ளைகளுக்கு எறும்பின் காலைக் காட்டுவதற்காக வீட்டுக்கு எடுத்துவந்து பழகிப் பார்த்தபோது, எதேச்சையாக இந்தப் படத்தின் மேலும் வைத்தேன். ஓரத்தில் தவிலோடு சித்தப்பா. கண் என் மேல் இல்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நகர்த்தி அப்பாவிடம் வந்தேன். மோவாய் கொஞ்சம் தூக்கியிருந்தது. நூலளவுதான்.

சித்தப்பா என்னைத் தேடி வந்தது அதற்கடுத்த வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெற்றிலைத் தட்டும் பத்திரிகையுமாக வந்து நின்றார். அவர் பெண்ணுக்குக் கல்யாணம். என் கல்யாணத்தில் பாவாடை தடுக்கத் தடுக்கச் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள். உட்காருங்கள் என்று சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். தட்டை மட்டும் வாங்கவில்லை. அன்றைக்குக் கை தானாகப் போய்விட்டது, இத்தனை வருஷப் பழக்கம், வேண்டுமென்று செய்யவில்லை என்று அவராகவே தொடங்கினார். நான் படத்தையும் கண்ணாடியையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"அப்பாட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"சத்தியமா இல்ல ஆயி. நாங்க ஒரு வார்த்த பேசிக்கல."

அதை நம்பினேன். அவர்கள் எப்போது பேசி வைத்துக்கொண்டு வாசித்தார்கள்? என் வாய் திறப்பதை அப்பா பின்னாலிருந்தே உணர்ந்திருக்கிறார், மோவாயைத் தூக்கியிருக்கிறார், இவர் இறங்கியிருக்கிறார். அப்பா கையில் அன்று நாயனம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் இருவரும் சேர்ந்து வாசித்ததிலேயே பிசகே இல்லாத வாசிப்பு அதுதான் என்று எனக்குப் பட்டது. இன்னொன்றும் கேட்டேன். அப்பா மோவாயைத் தூக்காமல் இருந்திருந்தால்?

கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அப்பவும் அடிச்சிருப்பேன்" என்றார்.

அந்த விஷயத்தில் இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருவர் சொன்ன முதல் உண்மை அது. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். கடற்கரையில் அப்பாவின் ஒரு ஸ்வரத்துக்காகக் கையை எடுத்த மனுஷன், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக எடுக்க மாட்டேன் என்று என் வீட்டுக்குள் உட்கார்ந்தே சொல்கிறார். உங்கள் பெண்ணையாவது கேட்டீர்களா என்றேன். விழித்தார். தட்டை வாங்கிக்கொள்கிறேன், கல்யாணத்துக்கும் வருகிறேன், ஆனால் மேளம் இறங்குவதற்கு முன்னால் சபையில் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றேன். அப்படி எங்கேயும் வழக்கம் இல்லையே, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று முனகினார். வழக்கத்தைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போனேன். தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கல்யாணத்துக்குப் போனேன். அவர் கேட்கமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தும், அதைக் கண்ணால் பார்த்து இன்னும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்ளத்தான் போனேன். காரைக்காலிலேயே ஒரு சின்ன மண்டபம். மணவறைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பெண்ணைப் பெற்றவர் என்பதால் சித்தப்பா வெறுங்கையோடு மேலே நின்றார். தவிலில் வேறு யாரோ ஒருவர். தாலியைக் கையில் எடுத்தார்கள். ஐயர் விரலைத் தூக்கினார். நாயனக்காரர் மூச்சை இழுத்தார். அப்போது சித்தப்பா மேளக்காரர்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். என் விரல்கள் மடியில் தாளம் எண்ணத் தொடங்கின.

"கொஞ்சம் இருங்க" என்றார். குனிந்து பெண்ணிடம், "உனக்குச் சம்மதந்தானே ஆயி? வாயத் தொறந்து சொல்லு" என்றார்.

அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். "சம்மதம்ப்பா" என்றாள், கடைசி வரிசைவரை கேட்கும்படி. யாரோ ஒருவர் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், அதுவும் சரிதான் என்கிற மாதிரி தலையாட்டினார். சித்தப்பா கையை இறக்கியதும் மேளம் இறங்கியது. முகூர்த்தம் தவறவில்லை. மண்டபம் இடிந்து விழவில்லை. உள்ளே சாம்பார்கூட அடிப்பிடிக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் அட்சதை போட எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்காகச் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. இவ்வளவுதானா? இதற்காகவா நான் பட்டினி கிடந்தேன், இதற்காகவா இரண்டு பெண்கள் வீணாகப் போனோம்?

பந்தியில் சித்தப்பா என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். வேட்டியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுப்பாடத்தை எழுதிக் காட்டுகிற பிள்ளை மாதிரி நின்றார்.

"சரிதானே ஆயி?" என்று கேட்டார்.

"எண்ணிக்கிட்டிருந்தேன் சித்தப்பா" என்றேன். "நான் அன்னிக்கு ஒங்ககிட்ட எட்டு எண்ணிக்க கேட்டேன். அஞ்சுதான் ஆச்சு."